மாணிக்கக் காலணியை மறுபடி செய்யும்போது: அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

1939இல் எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்ட 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' என்னும் இசைப்படத்தில் ஜூடி கார்லண்ட் அணிந்து நடித்த சிவப்புக் காலணியைத் தம் கையால் செய்து பார்க்க ஆசைப்படுவோர் பல நாடுகளில் இருக்கிறார்கள். அந்தப் படத்தின் பொருள்களைத் தேடிச் சேர்ப்போரும் பலர். இரு சாராருக்கும் வரும் சிக்கல்களை, அவை கண்ணுக்கும் கைக்கும் எப்படித் தென்படுகின்றனவோ அந்த வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் காலணியில் காணும் குறை எதுவோ, அதற்குரிய பகுதிக்கு நேராகப் போய்ப் படிக்கலாம்.

அதற்கு முன் ஒரு செய்தியைத் தெளிவாக்க வேண்டும், ஏனென்றால் கீழே வரும் குறைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் பிறக்கின்றன. மாணிக்கக் காலணி என்று நாம் ஒருமையில் சொன்னாலும் உண்மையில் மூன்று காலணிகள் நம் மனத்தில் கலந்து கிடக்கின்றன. டெக்னிகலர் என்னும் அந்தக் கால வண்ணப்பட முறையில் சுருளில் பதிந்து திரையில் ஒளிரும் காலணி ஒன்று. படப்பிடிப்புத் தளத்தில் அந்தப் பதினாறு வயதுப் பெண்ணின் காலில் இருந்த காலணி இன்னொன்று. எண்பது ஆண்டுகளுக்கு மேல் மூப்படைந்து இன்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் காலணி மூன்றாவது. இவற்றைத் திரைக் காலணி, தளக் காலணி, பேழைக் காலணி என்று அழைப்போம். நிறத்தைத் திரையிலிருந்தும், கட்டமைப்பைத் தளத்திலிருந்தும், தேய்மானத்தைப் பேழையிலிருந்தும் எடுத்துக்கொண்டு செய்தால், கைவேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ஏதோ ஒன்று பொருந்தாமலே நிற்கும். எனவே எதைச் செய்யப்போகிறோம் என்பதை ஊசியில் நூல் கோப்பதற்கு முன்பே முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி, வேலை செய்யும் மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள்.

அறிகுறி: ஒளிப்படத்தில் காலணி ஆரஞ்சாகத் தெரிகிறது, அல்லது வீட்டு விளக்கில் கறுத்துப்போகிறது

கடையில் கண்ணைப் பறித்த பளிச்சென்ற சிவப்பு ஜமிக்கியை வாங்கியவர்களுக்கு முதல் குறையும், அருங்காட்சியகப் படங்களைப் பார்த்து அடர்சிவப்பை வாங்கியவர்களுக்கு இரண்டாவது குறையும் வருகின்றன.

எல். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய மூலக்கதையில் இந்தக் காலணி வெள்ளி நிறம் கொண்டது. வண்ணப்படத்தில் மஞ்சள் செங்கல் பாதையின்மேல் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் திரைக்கதையாசிரியர் நோயல் லாங்லி அதைச் சிவப்பாக மாற்றினார். அந்தக் காலத்து டெக்னிகலர் கேமரா, உள்ளே இருந்த முப்பட்டகத்தின் வழியாக ஒளியைப் பிரித்து மூன்று தனித்தனிச் சுருள்களில் பதிவு செய்தது. அதற்கு மிகக் கடுமையான விளக்கொளி தேவைப்பட்டது. அந்த ஒளியில், அந்தச் சுருளில், பளிச்சென்ற சிவப்பு ஆரஞ்சின் பக்கம் சாய்ந்துவிடும் என்பதால், உடை வடிவமைப்பாளர் ஏட்ரியன் திராட்சைச் சாற்றை நினைவூட்டும் அடர்சிவப்பு ஜமிக்கியைத் தேர்ந்தெடுத்தார். ஆகவே தளக் காலணி நாம் நினைப்பதைவிட இருண்டது. திரைக் காலணி அதைவிட வெளிச்சமானது.

குறையைக் கண்டறிய, உங்கள் ஜமிக்கியில் ஒரு பிடியை வெள்ளைத் தாளில் பரப்பி, காலை நேரச் சூரிய வெளிச்சத்திலும், பழைய மஞ்சள் குண்டு பல்பின் கீழும், வீட்டு எல்.இ.டி. விளக்கின் கீழும் வைத்துப் பாருங்கள். சூரிய வெளிச்சத்திலும் குண்டு பல்பிலும் நன்றாக இருந்து, எல்.இ.டி. விளக்கில் மட்டும் கறுப்புக்கலந்த பழுப்பாகிறது என்றால் தவறு ஜமிக்கியில் இல்லை. மலிவான எல்.இ.டி. விளக்குகளின் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு குறைவாக இருப்பதால், அடர்சிவப்புப் பொருள் திருப்பியனுப்ப ஒன்றும் கிடைக்காமல் இருண்டுவிடுகிறது. விளக்கை மாற்றினால் போதும். மூன்று வெளிச்சத்திலும் கண்ணுக்குச் சரியாக இருந்து கைபேசிப் படத்தில் மட்டும் ஆரஞ்சாகிறது என்றால், கேமராவின் சிவப்பு அளவு நிரம்பி வழிந்து, பச்சையின் பங்கு கூடியதுபோல் ஆகிவிட்டது என்று பொருள். படம் எடுக்கும்போது வெளிச்ச அளவைக் குறைத்து எடுங்கள். மூன்று வெளிச்சத்திலும் கண்ணுக்கே ஆரஞ்சாகத் தெரிந்தால்தான் ஜமிக்கியை மாற்ற வேண்டும்.

ஜமிக்கி ஒளி ஊடுருவும் வகையாக இருந்தால், மாற்றுவதற்கு முன் அடித்துணியின் நிறத்தைச் சோதியுங்கள். அதே ஜமிக்கியை வெள்ளைத் துணியின்மேல் வைத்தால் ஒரு நிறமும், அரக்குச் சிவப்புத் துணியின்மேல் வைத்தால் வேறொரு நிறமும் காட்டும். நான் முதன்முதலில் செய்த காலணியில் வெள்ளைத் துணியைப் பயன்படுத்தி, அது பொம்மைக் கடைப் பொருள்போலத் தெரிந்ததால் முழுவதையும் பிரிக்க நேர்ந்தது. நினைவில் இருக்கும் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தப் படத்தின்மேல் தலைமுறை தாண்டிய பற்று வளர்ந்ததற்குப் பெரிய காரணம், 1956இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதலில் வந்து, 1959 முதல் ஆண்டுதோறும் ஒளிபரப்பானதுதான். அந்நாளில் பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டியே இருந்ததால், எத்தனையோ ரசிகர்கள் இந்தச் செங்காலணியை முதலில் சாம்பல் நிறத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்.

அறிகுறி: பொட்டுப் பொட்டாக மின்னுகிறது; ஈரம் பூசியது போன்ற தொடர்ச்சியான பளபளப்பு வரவில்லை

இதுவே அதிகம் பேருக்கு வரும் குறை. பலரும் பசையை மாற்றிப் பார்த்துக் காலத்தை வீணாக்குவதும் இங்கேதான். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: ஜமிக்கி பெரியதாக இருக்கிறது, ஒன்றன்மேல் ஒன்று போதுமான அளவு ஏறவில்லை, அல்லது ஏறும் திசை இடத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

முதல் இரண்டையும் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். அசல் காலணி ஒவ்வொன்றிலும் சுமார் 2,300 ஜமிக்கிகள் இருந்தன. கார்லண்டின் பாதம் சிறியது. உங்கள் காலணி நீளத்தில் ஆறில் ஒரு பங்கு பெரியது என்றால், பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும், ஆகவே ஒவ்வொரு காலணிக்கும் ஏறத்தாழ 3,100 ஜமிக்கிகள் பிடிக்க வேண்டும். ஆயிரத்து ஐந்நூறிலேயே காலணி நிறைந்துவிட்டது என்றால் ஜமிக்கி பெரிது, அல்லது இடைவெளி அதிகம். ஐந்து மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டை ஜமிக்கியை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறுமாறு தைத்தால் கணக்கு ஏறக்குறைய சரியாக வருகிறது என்பது என் அனுபவம். நடுவில் குழிந்த கிண்ண ஜமிக்கி ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒளியைச் சிதறடிப்பதால், மேடை நடன உடையின் மினுக்கம் வந்துவிடும். இந்த வேலைக்கு அது பொருந்தாது.

1989இல், படத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, ஹாரி வின்ஸ்டன் நகை நிறுவனம் உண்மையான மாணிக்கக் கற்களாலேயே ஒரு சோடி செய்தது. அதில் பதித்த கற்கள் 4,600. இரண்டால் வகுத்துப் பாருங்கள், அதே 2,300 வருகிறது. அளவு தெரியாமல் திண்டாடும்போது இந்த எண்ணைத்தான் நான் கைப்பிடியாகக் கொள்கிறேன்.

திசைக்கு ஒரு விரல் சோதனை உண்டு. காலணியின் முனையிலிருந்து குதிகாலை நோக்கி விரலை மெல்ல ஓட்டுங்கள். மீன் செதிலைத் தடவுவதுபோல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எதிர்த்திசையில் சொரசொரக்க வேண்டும். எங்கேயாவது இது மாறினால் அங்கே வரிசை திரும்பிவிட்டது என்று பொருள். இதைத் தவிர்க்க, ஓடு வேய்பவர் இறவாணத்தில் தொடங்கி முகட்டில் முடிப்பதுபோல, நீங்கள் குதிகாலில் தொடங்கி முனையில் முடியுங்கள். அப்போதுதான் முன்னே இருப்பது பின்னே இருப்பதை மூடிக்கொண்டு படியும். நடக்கும்போது மற்றக் காலின் விளிம்பில் மாட்டி ஜமிக்கி நிமிராது.

காலணியின் மேலேயே நேராகத் தைக்க முயல வேண்டாம் என்பதையும் இங்கே வலியுறுத்துகிறேன். அசலில், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் இன்னெஸ் காலணி நிறுவனம் செய்த வெள்ளைப் பட்டுக் காலணிகளுக்குச் சிவப்புச் சாயமேற்றி, ஜமிக்கி தைத்த மெல்லிய ஆர்கன்சா துணியால் அவற்றைப் போர்த்தினார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். காலணியின்மேல் காகித நாடாவைச் சுற்றி ஒட்டி, பின்தையல் வழியே வெட்டி எடுத்து, தட்டையாக்கினால் அளவுத்துணி கிடைக்கும். அந்த வடிவில் ஆர்கன்சாவைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி ஜமிக்கி தைத்து, பிறகு காலணியின்மேல் போர்த்தி, விளிம்பை உள்ளே மடித்துத் தையுங்கள். ஜமிக்கி ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும், சிறிய அளவுக் காலணி ஒன்றுக்கே 38 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு வாரத்தில் முடித்துத் தருவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: ஒரு ஜமிக்கி உதிர்ந்தால் அந்த வரிசையே கழன்று வருகிறது

கோத்து வைத்த ஜமிக்கிச் சரத்தை வாங்கி ஒட்டியவர்களுக்கும், ஆரி ஊசியால் தைத்தவர்களுக்கும் இது நேரும். ஆரித் தையல் சங்கிலித் தையல். வேகமாக வளரும், அழகாகவும் இருக்கும், ஆனால் ஓரிடத்தில் நூல் அறுந்து முனை இழுபட்டால் கோலம் அழிவதுபோல் வரிசை முழுவதும் அவிழும். ரவிக்கையின் கழுத்தோரத்தில் இருக்கும் வேலைக்கு அது பெரிய ஆபத்தில்லை. காலணியோ ஒவ்வோர் அடிக்கும் மடங்கி விரியும் பொருள்.

ஆரி வேலையை விட முடியாது என்றால், நான்கு விரல் தூரத்துக்கு ஒருமுறை நூலை அறுத்து முடிச்சிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். எல்லாம் முடிந்ததும் துணியின் பின்பக்கத்தில் நெகிழ்வான துணிப்பசையை மிக மெல்லிதாகத் தடவி உலரவிடுங்கள். கை ஊசியால் தைப்பவர்கள் மெழுகு தடவிய பாலியெஸ்டர் நூலை இரட்டையாக எடுத்து, பின்தையலாகப் போட்டு, பத்து ஜமிக்கிக்கு ஒரு முடிச்சு வைத்தால் போதும். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் உதிர்கிறது என்றால் துணி நேர்வாக்கில் வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் குறுக்குவாக்கில் வெட்டினால் அந்த இடம் சற்று நெகிழ்ந்துகொடுக்கும். சூடாக்கி ஒட்டும் குளூ கன் பசையால் ஒட்டியவற்றைச் சரிசெய்ய வழி சொல்ல எனக்கு மனமில்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தப் பசை இளகும். ஒட்டியதை உரித்துவிட்டு ஊசியை எடுப்பதே நேர்வழி.

அறிகுறி: சிவப்புச் சாயம் காலுறையில் ஏறுகிறது

மேற்பூச்சாக மட்டும் நிறமேற்றிய ஜமிக்கி வியர்வை பட்டவுடன் சாயத்தை விடும். தைப்பதற்கு முன் பத்து ஜமிக்கியை ஈரப் பருத்தித் துணியில் சுருட்டி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். துணி இளஞ்சிவப்பானால் அந்தப் பொட்டலத்தைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். தைத்து முடித்த பிறகு தெரியவந்தால், காலணியின் உட்புறம் முழுவதும் மெல்லிய தோல் உள்ளுறை ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

அறிகுறி: பழங்கால ஜமிக்கி சுருள்கிறது, பிசுபிசுக்கிறது, நெடி அடிக்கிறது

தளக் காலணியை அப்படியே மீட்க விரும்பும் சிலர் 1930களின் ஜமிக்கியைத் தேடி வாங்குகிறார்கள். அவர்களுக்காக இந்தப் பகுதியைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் பொருளும் கெடலாம், உடலும் கெடலாம்.

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் 1979 முதல் ஒரு சோடி இருக்கிறது. அதைப் பாதுகாப்பதற்காக 2016இல் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். கேட்டது 3 லட்சம் டாலர், அதைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. அதன் பின் நடந்த ஆய்வில், அந்த ஜமிக்கியின் நடுப்பகுதி ஜெலட்டின் என்றும், பளபளப்புக்காக ஈயப் பூச்சும், அதன்மேல் சிவப்புச் சாயம் கலந்த செல்லுலோஸ் நைட்ரேட் பூச்சும் இருப்பதாகவும் தெரிந்தது. இவை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தொல்லை உண்டு. ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி ஊதும், காய்ந்தால் சுருங்கும், வெந்நீர் பட்டால் கரைந்தே போகும். செல்லுலோஸ் நைட்ரேட் மெல்லச் சிதைந்து அமில ஆவியை வெளியிடும், எளிதில் தீப்பற்றும். சாயம் வெளிச்சத்தில் வெளிறும். ஈயம் நச்சு.

ஆகவே சுருளும் ஜமிக்கியை நிமிர்த்த இஸ்திரிப் பெட்டியின் ஆவியைக் காட்டாதீர்கள்; ஒரே நொடியில் அது கூழாகிவிடும். பிசுபிசுப்பைத் துடைக்க ஈரத்துணியையும் சாராயத்தையும் பயன்படுத்தாதீர்கள். முன்னது ஜெலட்டினையும் பின்னது மேற்பூச்சையும் தாக்கும். உலர்ந்த மென்மையான தூரிகை ஒன்றே ஏற்றது. நெடி அடிக்கும் பொட்டலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் அமில ஆவி உள்ளேயே தங்கிச் சிதைவை விரைவுபடுத்தும். அமிலமற்ற காகிதத்தில் மடித்து, காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், மற்றச் சேகரிப்புகளிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளி வையுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் அந்தப் பெட்டியை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் ஓர் அலமாரியில் வைத்து, மாதம் ஒருமுறை ஜெல்லை மாற்ற வேண்டும். கையுறை இல்லாமல் தொட்டால் உடனே கைகழுவுங்கள்.

என் கருத்து வெளிப்படையானது: பழங்கால ஜமிக்கியைச் சேகரிப்பாக வைத்துக்கொள்ளலாம், காலில் அணியும் நகலுக்கு அது உகந்ததல்ல. தளக் காலணியின் தோற்றத்தை இன்றைய பாலியெஸ்டர் ஜமிக்கியாலேயே கொண்டுவர முடியும்.

அறிகுறி: முன்பக்க முடிச்சு தொங்குகிறது, ஒருபுறம் சாய்கிறது

பட்டாம்பூச்சி வடிவில் அமைந்த அந்த முடிச்சைப் பலர் ரிப்பனால் செய்துவிடுகிறார்கள், அதனால்தான் தொங்குகிறது. அசல் முடிச்சுக்குத் தோல்தான் அடிப்படை. அதன்மேல் மூன்று பெரிய நீள்சதுரச் சிவப்புக் கண்ணாடிக் கற்கள், ஆரி வேலை செய்வோர் பைப் மணி என்று சொல்லும் குழல் வடிவ அடர்சிவப்பு மணிகள், ஓரமெங்கும் வெள்ளிநிறக் கிண்ணத்தில் பதித்த சிறு சிவப்புக் கற்கள் என்று எல்லாமே கண்ணாடி. இந்தக் கனத்தை ரிப்பன் தாங்காது. ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள தோலை வெட்டி, கற்களையும் மணிகளையும் முதலில் அதில் தைத்து, பிறகு அந்தத் தோலைக் காலணியில் ஆறு இடங்களிலாவது தைத்துப் பொருத்துங்கள். சாய்வு அப்போதும் இருந்தால் நடுக்கல் நடுவில் இல்லை என்று பொருள். நூலால் அளந்து பாருங்கள்.

சரியான நிறத்தில் மணி கிடைக்காமல் வேலை நின்றுபோனால், நிறமற்ற கண்ணாடி மணிக்குச் சிவப்பு வண்ணம் பூசித் தைக்கத் தயங்க வேண்டாம். இதற்கு முன்னுதாரணம் தளக் காலணியிலேயே இருக்கிறது. அந்தச் சான்று எவ்வளவு பெரிய வழக்கில் உதவியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

அறிகுறி: நடந்தால் டக் டக்கென்று ஒலிக்கிறது

பாட்டும் நடனமும் நிறைந்த படம் என்பதால் இந்தக் கவலை 1938இலேயே இருந்தது. பல சோடிகளின் அடிப்பாகத்தில் ஆரஞ்சு நிற ஃபெல்ட் துணியை ஒட்டி ஒலியை அடக்கினார்கள். மூன்று மில்லிமீட்டர் கம்பளி ஃபெல்ட்டை ரப்பர் பசையால் ஒட்டினால் உங்களுக்கும் ஒலி அடங்கும். செயற்கை நார் ஃபெல்ட் வழவழத்த டைல்ஸ் தரையில் சறுக்கும். மேடைக்குப் போகிறவர்கள் கம்பளியையே தேடுங்கள். எல்லாச் சோடிகளிலும் ஃபெல்ட் இருக்கவில்லை. குதிகால்களைத் தட்டும் அண்மைக் காட்சிகளுக்குப் பயன்பட்டதாகக் கருதப்படும் சோடியில் அது கிடையாது. 2012இல் அமெரிக்கத் திரைப்பட அகாதெமியின் அருங்காட்சியகத்துக்காக வாங்கப்பட்டது அந்தச் சோடிதான்.

அறிகுறி: உடன் அணியும் வெள்ளை ரவிக்கை கண் கூசுகிறது, காலணி மங்கிப்போகிறது

நீலக் கட்டம் போட்ட உடையுடன் டோரத்தி (படத்தில் கார்லண்ட் ஏற்ற பாத்திரம்) அணியும் மேற்சட்டை உண்மையில் தூய வெள்ளையன்று. டெக்னிகலரில் தூய வெள்ளை கூசும் என்பதால் வெளிறிய இளஞ்சிவப்புத் துணியில் தைத்தார்கள். நீங்களும் துணியைத் தேயிலைச் சாற்றில் நனைக்காமல், சிட்டிகை இளஞ்சிவப்புச் சாயத்தில் ஒருமுறை முக்கி எடுங்கள். காலணியின் சிவப்பு தானாகவே எழுந்து நிற்கும்.

அறிகுறி: அசல் என்று சொல்லி ஒரு பொருள் விற்பனைக்கு வருகிறது

இதில் கைக்கு முன் காதுக்குத்தான் வேலை. பொருளைப் பார்ப்பதற்கு முன் அதன் கதையைக் கேளுங்கள். 1970இல் எம்.ஜி.எம். தன் உடைக் கிடங்கை ஏலத்தில் விற்றபோது, கென்ட் வார்னர் என்னும் உடைப்பிரிவுப் பணியாளர் அங்கே இந்தக் காலணிகளைக் கண்டெடுத்தார். ஒரு சோடி மட்டுமே இருப்பதாக எண்ணி ஏலத்தில் 15,000 டாலருக்கு வாங்கினார்கள். பிறகுதான் வேறு சோடிகள் வெளிப்பட்டன, அவற்றுள் ஒன்று 1940இலேயே ஒரு போட்டியின் பரிசாக மெம்ஃபிஸ் நகரப் பெண் ஒருவருக்குப் போயிருந்தது. இன்று படத்தில் பயன்பட்டதாக அறியப்படுபவை நான்கு சோடிகள். ஒத்திகைக்காகச் செய்து பயன்படுத்தாமல் விட்ட, முனை சுருண்ட அரேபியப் பாணிச் சோடி ஒன்று தனியே உண்டு; நடிகை டெப்பி ரெனால்ட்ஸின் சேகரிப்பிலிருந்து அது 2011இல் ஏலம் போனது. ஆகவே ஐந்தாவது சோடி கிடைத்திருக்கிறது என்று யாராவது சொன்னால், 1970க்கு முன்னும் பின்னும் அது யார் யாரிடம் இருந்தது என்பதைத் தாளில் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு காலும் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதை மெய்மையின் சான்றாக எடுத்துக்கொள்வது இன்னொரு பிழை. ஸ்மித்சோனியனில் இருக்கும் சோடியே சோடியன்று. குதிகாலும் முடிச்சின் அகலமும் வேறுபடும் இரண்டு ஒற்றைகள் அவை. அவற்றின் உண்மையான இணைகள், மின்னசோட்டா மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் ஊரில் உள்ள ஜூடி கார்லண்ட் அருங்காட்சியகத்தில் கடனாக வைக்கப்பட்டிருந்தபோது, 2005 ஆகஸ்டில் திருட்டுப் போயின. கற்கள் உண்மையான மாணிக்கம் என்று நம்பித் திருடியவர் அவை வெறும் கண்ணாடி என்று பின்னர் அறிந்தார். 2018இல் எஃப்.பி.ஐ. மீட்டு ஸ்மித்சோனியனுக்கு ஆய்வுக்குக் கொண்டுவந்தபோது, இரண்டு சோடிகளின் முடிச்சுகளிலும் சிவப்பு வண்ணம் பூசிய நிறமற்ற கண்ணாடி மணிகள் இருப்பதைப் பாதுகாப்பாளர்கள் கண்டார்கள். படப்பிடிப்புக் காலத்தில் யாரோ அவசரமாகச் செய்த அந்தப் பழுதுபார்ப்பே, இவை ஒரே கையில் ஒரே காலத்தில் இருந்தவை என்பதை உறுதிப்படுத்தியது. அந்தச் சோடி 2024 டிசம்பரில் டல்லஸ் நகரில் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கட்டணங்களுடன் சேர்த்து 3 கோடியே 25 லட்சம்.

இதிலிருந்து சேகரிப்பவருக்குக் கிடைக்கும் நடைமுறை வழி என்னவென்றால், குறைகளைத்தான் முதலில் தேட வேண்டும். பழுதுபார்த்த மணி, தேய்ந்த ஃபெல்ட், உள்ளே மங்கிய எழுத்து, ஒரே வரிசையில் வேறு நிறத்து நூல் ஆகியவை இயல்பாக ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஜமிக்கி மட்டும் வெளிறி, அதன் அடியில் உள்ள துணி வெளிறிய சாயலே இல்லாமல் இருந்தால் அது குற்றமன்று, ஏனென்றால் ஜமிக்கி துணியை மூடியிருக்கிறது. ஜமிக்கி மூடாத விளிம்பிலும் துணி புதிதாக இருந்தால்தான் ஐயப்பட வேண்டும். 1989இல் வெஸ்டர்ன் காஸ்ட்யூம் நிறுவனம் உரிமம் பெற்று நகல்கள் செய்தது. 500 செய்யத் திட்டமிட்டு 16 சோடிகளோடு நின்றுவிட்டது. அவையே சேகரிக்கத் தகுந்தவை. நல்ல நகலை நல்ல நகல் என்று அறிந்து வாங்குவதில் குறைவொன்றும் இல்லை.

இதே படத்தின் பனிக் காட்சியில் பயன்பட்ட பஞ்சு என்று சொல்லி எந்தப் பொட்டலமாவது வந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். பாப்பிச் செடி வயலில் பொழிந்த அந்தப் பனி கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அதன் தூசியை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கொடிய தீங்கு.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் மிகப் புதிதாகத் தெரிகிறது

இங்கே மறுபடி மேசைக்கு எதிரே ஒட்டிய தாளைப் பாருங்கள். திரைக் காலணியையோ தளக் காலணியையோ செய்ய நினைத்திருந்தால் இது குறையே அன்று. 1938இல் அவையும் புதியவையே, ஒன்றும் செய்ய வேண்டாம். பேழைக் காலணியைச் செய்ய நினைத்திருந்தால்தான் மூப்பைக் கொண்டுவர வேண்டும். முழுக் காலணியையும் வெயிலில் வைத்து வெளிறச் செய்தால் எல்லா ஜமிக்கியும் ஒரே அளவில் வெளிறி, துவைத்துச் சாயம்போன துணிபோல் ஆகிவிடும். அதற்குப் பதிலாக, ஜமிக்கியில் ஐந்தில் ஒரு பங்கைத் தைப்பதற்கு முன்பே இரண்டு மூன்று வாரம் வெயிலில் காயவைத்து, மற்றவற்றோடு கலந்து தையுங்கள். முனையிலும் உட்புற விளிம்பிலும் வெளிறியவற்றைக் கூடுதலாகவும், முடிச்சின் அடியில் நிறம் மாறாதவற்றையும் வையுங்கள். அடிப்பாக ஃபெல்ட்டைச் சிமென்ட் தரையில் ஒரு மாலை நேரம் நடந்து தேய்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி மூப்பூட்டிய காலணி சில ஆண்டுகளில் கைமாறும்போது, பார்ப்பவர் ஏமாற வாய்ப்புண்டு. அதனால் ஃபெல்ட்டை ஒட்டுவதற்கு முன், இரண்டு காலணிகளின் அடித்தோலிலும் அழியாத மையால் 'நகல்' என்ற சொல்லையும், செய்து முடித்த ஆண்டையும், பயன்படுத்திய ஜமிக்கியின் வகையையும் எழுதி, அதை ஒளிப்படம் எடுத்துக் காலணிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள்.